முழங்காலுக்குப் பின்னால் வந்த நீர்க்கட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 56 வயதுப் பெண். பள்ளி ஆசிரியை, நாளின் பெரும்பகுதி நின்றபடியே வேலை. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எடை 78 கிலோ. வலது முழங்காலில் மூன்று நான்கு ஆண்டுகளாகவே வலி உண்டு. மாடிப்படி ஏறி இறங்கினால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். அவ்வப்போது வலி மாத்திரை போட்டுச் சமாளித்து வந்திருக்கிறார்.

ஆனால் அவர் வந்தது அந்த வலிக்காக இல்லை. முழங்காலின் பின்புற மடிப்பில் ஒரு புடைப்பு. ஒரு மாதத்துக்கு முன்பு குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அன்றிலிருந்து நிற்கும்போது பின்பக்கம் இறுக்கிப் பிடிப்பதுபோல இருக்கிறது என்றார், காலை முழுதாக மடக்கவும் முடியவில்லை.

"வெட்டி எடுத்துடுங்க டாக்டர். புற்றுநோயா இருக்குமோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

இப்படிப் புடைப்போடு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் கேட்பது இந்த இரண்டையும்தான்: இது ஆபத்தானதா, எடுத்துவிடலாமா? இவருடைய நிகழ்வை விரிவாக எழுதக் காரணம் உண்டு. பேக்கர் நீர்க்கட்டி எனப்படும் இந்தக் கட்டியில் என்னென்ன திருப்பங்கள் வரலாமோ அவற்றில் முக்கியமானவை எல்லாம் இவர் ஒருவருக்கே வந்தன. கட்டி வந்தது, வெடித்தது, ரத்த உறைவு போல வேடம் போட்டது, மறுபடி நிரம்பியது. கடைசிவரை கத்தி வைக்காமலே அவரை நடக்க வைக்க முடிந்தது. அடையாளம் தெரிந்துவிடாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் பரிசோதனை

முழங்காலின் பின்பக்கத்தைப் பார்க்க நோயாளியைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். உட்கார வைத்துக் குனிந்து பார்த்தால் பாதிதான் தெரியும். அவரைப் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொன்னபோது மடிப்பின் உட்பக்கத்தில், அதாவது மற்ற காலை நோக்கிய பக்கத்தில், சுமார் 4 செ.மீ. அளவில் உருண்ட, இறுக்கமான புடைப்பு தெரிந்தது. மேல்தோல் இயல்பாக இருந்தது. சிவப்பு இல்லை, சூடு இல்லை. விரலை அதன்மேல் வைத்தபடியே முழங்காலை மெல்ல மடக்கினேன். 45 டிகிரி அளவுக்கு மடங்கியதும் இறுக்கம் தளர்ந்து, கட்டி மெத்தென்று ஆகி, ஏறக்குறைய மறைந்தேவிட்டது. திரும்ப நீட்டினால் திரும்பவும் கல் மாதிரி.

இதற்கு ஃபூஷே அறிகுறி என்று பெயர். 1856-இல் இந்தப் பகுதிக் கட்டிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. காலை நீட்டும்போது சுற்றியுள்ள தசைநாண்களும் மேலே போர்த்தியிருக்கும் திசுவுறையும் இறுகிக் கட்டியை அழுத்துகின்றன, மடக்கும்போது தளர்கின்றன. கெட்டியான கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ மடக்குவதால் இப்படி மென்மையாகாது. ஒரு கருவியும் தேவைப்படாத, அரை நிமிடப் பரிசோதனை. ஸ்கேன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இந்தக் காலத்திலும் நான் இதை விடுவதே இல்லை.

அடுத்து நாடித்துடிப்பு. கட்டி துடிக்கிறதா என்று கை வைத்துப் பார்த்தேன், ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரைச்சல் கேட்கிறதா என்றும் பார்த்தேன். இரண்டும் இல்லை. பாதத்தின் நாடிகள் இரண்டு பக்கமும் சமமாக இருந்தன. முழங்காலின் பின்குழியின் நடுவில் ஓடும் தமனி புடைத்துக்கொண்டிருக்குமானால் அதைக் கட்டி என்று நினைத்து ஊசி குத்துவது பெரும் விபத்தாக முடியும். குறிப்பாக வயதான ஆண்களில் இதை மறக்கவே கூடாது.

அப்புறம் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து முழங்காலின் முன்பக்கத்தைப் பார்த்தேன். புடைப்பு பின்னால் இருக்க முன்னால் எதற்கு என்று அவருக்கு வியப்பு. உண்மையில் விஷயம் இருந்தது முன்னால்தான். முழங்கால் சில்லை அழுத்தினால் நீரில் மிதந்து அடியில் தட்டுவது உணர முடிந்தது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. உட்பக்க மூட்டுக் கோட்டில் அழுத்தினால் வலி. மடக்கி நீட்டும்போது நறநறவென்ற உரசல். கால் 5 டிகிரி அளவுக்கு முழுதாக நீளவில்லை, மடங்குவது 110 டிகிரியில் நின்றது.

நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் உட்பக்க இடைவெளி சற்றுக் குறைந்து, எலும்பு ஓரங்களில் சிறு துருத்தல்கள் இருந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்துத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை பிரிக்கும் கெல்கிரென்-லாரன்ஸ் அளவீட்டில் இரண்டாம் நிலை மூட்டுத் தேய்மானம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி 4.6 செ.மீ. நீளம், உள்ளே கறுப்பாக, வெறும் நீர். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் பார்த்தபோது உள்ளே ஓட்டம் இல்லை. எல்லாவற்றிலும் முக்கியமாக அதன் கழுத்து தெரிந்தது. கட்டியிலிருந்து ஒரு குறுகிய வால் இரண்டு தசைநாண்களுக்கு இடையில் நுழைந்து மூட்டை நோக்கிப் போனது. ஒரு பக்கம் கெண்டைக்கால் தசையான காஸ்ட்ரோக்னீமியஸின் உட்தலை, மறுபக்கம் தொடையின் பின்புறமிருந்து வரும் செமிமெம்பிரனோசஸ். இந்தக் கழுத்து தெளிவாகத் தெரிந்தால் அது பேக்கர் நீர்க்கட்டி. தெரியாவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்குழியில் வருவதெல்லாம் பேக்கர் கட்டி இல்லை. மூட்டெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸின் ஓரத்துக் கட்டி வரலாம், தசைநாண் கட்டி வரலாம், நரம்புறைக் கட்டி, கொழுப்புக் கட்டி, சீழ்க்கட்டி, புடைத்த சிரை வரலாம். மிக அரிதாக சைனோவியல் சார்கோமா என்ற புற்றுநோயும் அந்த இடத்தில் வரும். அது சில நேரம் எம்.ஆர்.ஐ. படத்தில் நீர் போலவே வெளிச்சமாகத் தெரிந்து ஏமாற்றும். இடம் மாறியிருந்தாலோ, கழுத்து இல்லாவிட்டாலோ, உள்ளே திடப்பகுதியோ ரத்த ஓட்டமோ தெரிந்தாலோ ஊசி போடாமல், சாயமருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இவர் கேட்ட முதல் கேள்விக்கு இந்த வரிசையில் பார்த்த பிறகுதான் "புற்றுநோய் இல்லை" என்று உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது.

கட்டி எங்கிருந்து வருகிறது

அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் ஆடம்ஸ் 1840-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் பெயர் நிலைத்தது லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் மொரன்ட் பேக்கருக்கு. கட்டி தனியாக முளைப்பதில்லை, நோயுற்ற முழங்கால் மூட்டிலிருந்து கசியும் நீரால் உண்டாகிறது என்று 1877-இல் அவர் எழுதினார். கிட்டத்தட்ட ஒன்றரை நூற்றாண்டு ஆகிவிட்டது. இன்றும் சிகிச்சை பிசகுகிற இடம் இந்த ஒரு உண்மையை மறக்கிற இடம்தான்.

அந்த இரண்டு தசைநாண்களும் உரசிக்கொள்ளாமல் இருக்க நடுவில் இயல்பாகவே ஒரு சிறு நீர்ப்பை உண்டு. பெரியவர்கள் பலருக்கு அது மூட்டு உறையின் பின்புறத்தில் உள்ள ஒரு பிளவு வழியாக மூட்டோடு தொடர்பு கொண்டிருக்கும். மூட்டு நலமாக இருக்கும்வரை அந்த வழி இருப்பதே தெரியாது. தேய்மானம், மெனிஸ்கஸ் கிழிசல், முடக்குவாதம், யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட் என்று ஏதோ ஒன்று மூட்டுச் சவ்வைத் தூண்டி நீரை அதிகமாகச் சுரக்க வைத்தால், அழுத்தம் கூடி, நீர் அந்தப் பிளவு வழியே பின்னால் தள்ளப்படுகிறது. போன நீர் திரும்பி வருவதில்லை. காலை நீட்டும்போது தசைகள் இறுகிப் பிளவை மூடிவிடுகின்றன. சைக்கிள் ட்யூபின் வால்வு மாதிரி, உள்ளே விடும், வெளியே விடாது. சிக்கிய நீரிலிருந்து தண்ணீர்ப்பகுதி மெல்ல உறிஞ்சப்பட்டு மிச்சம் கெட்டிப்படுகிறது.

குழந்தைகளுக்கு வருவது வேறு கதை. அவர்களுக்குப் பெரும்பாலும் மூட்டோடு தொடர்பும் இருக்காது, மூட்டில் நோயும் இருக்காது. ஸ்கேனில் உறுதி செய்துகொண்டு விட்டுவிட்டால் காலப்போக்கில் தானே போய்விடும். குழந்தையை அறுவை அரங்குக்கு அழைத்துப் போக அவசியமே இருப்பதில்லை.

ஆசிரியையிடம் இதைப் படம் வரைந்து விளக்கினேன். "அப்ப கட்டியை எடுத்தா?" என்று கேட்டார். மூட்டில் நீர் சுரப்பது நிற்காவிட்டால் திரும்ப வரும் என்றேன். யோசித்தார், சரி என்றார். முதலில் முழங்காலுக்கான பயிற்சி, எடைக் குறைப்பு, வலி உள்ள இடத்தில் டைக்ளோஃபெனாக் ஜெல், தேவைப்பட்டால் பாராசிட்டமால் என்று தொடங்கினோம். சர்க்கரை நோயாளி என்பதால் சிறுநீரகத்தை நினைத்து வலி மாத்திரைகளை நீண்ட நாள் விழுங்குவதை நிறுத்தச் சொன்னேன். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் அன்றே வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஐந்தாவது வாரம்: வீங்கிய கால்

ஒரு நாள் வகுப்பு முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது முழங்காலுக்குப் பின்னால் 'பட்' என்று ஏதோ விட்டுப்போனது. "காலுக்குள்ளேயே வெந்நீர் வழியிற மாதிரி இருந்துச்சு டாக்டர்." இரவுக்குள் கெண்டைக்கால் வீங்கி, சிவந்து, தொட முடியாத வலி. வீட்டுக்கு அருகில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று சந்தேகித்து, ஸ்கேன் வசதி மறுநாள்தான் என்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசி ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் அந்த மருத்துவமனையைக் குறை சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். சிரையில் உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வலுவாக இருந்து ஸ்கேன் உடனே கிடைக்காத நிலையில் மருந்தை முன்கூட்டித் தொடங்குவது முறையானதுதான். பிரிட்டனின் வழிகாட்டுதலும் 4 மணி நேரத்துக்குள் ஸ்கேன் கிடைக்காவிட்டால் இடைக்காலமாக அதைத் தொடங்கச் சொல்கிறது. ஆனால் இடைக்காலம் இடைக்காலமாகவே இருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்காமலே வாரக்கணக்கில் மருந்து ஓடினால், வெடித்த கட்டியைச் சுற்றி ரத்தம் கசிந்து தசைக்குள் தேங்கி, காலுக்கே ஆபத்தாகிவிடும்.

மறுநாள் காலை அவரைப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் துருத்தும் மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி அளவுநாடாவைச் சுற்றினேன். வலது கால் 38 செ.மீ., இடது 34.5. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஆழ்சிரை ஓடும் வழியெங்கும் வலி. காய்ச்சல் இல்லை, மூச்சுத்திணறல் இல்லை.

சிரை உறைவுக்கான வெல்ஸ் மதிப்பெண்ணைக் கணக்கிட்டால், 3 செ.மீ.-க்கு மேல் வீக்கத்துக்கு 1, சிரை வழி வலிக்கு 1, ஒரே காலில் குழி விழும் வீக்கத்துக்கு 1. மொத்தம் 3. வேறொரு நோய் அதே அளவுக்குச் சாத்தியம் என்று மருத்துவர் கருதினால் 2 கழிக்க வேண்டும். கட்டி இருப்பது ஏற்கெனவே தெரியும் என்பதால் கழித்தால் மிச்சம் 1. அதாவது உறைவுக்கு வாய்ப்புக் குறைவு. இங்கேதான் எனக்கு இந்த அளவுகோலோடு ஒரு மனத்தாங்கல். கழிக்கும் அந்த இரண்டு, முழுக்க மருத்துவரின் ஊகத்தைப் பொறுத்தது. கட்டி இருப்பவருக்கு உறைவு வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரிய கட்டி சிரையை அழுத்தி ஓட்டத்தைத் தடுத்து, அதனாலேயே உறைவு வந்தவர்களும் உண்டு. இரண்டும் ஒரே காலில் சேர்ந்தும் இருக்கலாம்.

உறைந்த ரத்தம் கரையும்போது உண்டாகும் துணுக்குகளை அளக்கும் டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் இந்த இடத்தில் அவ்வளவாக உதவாது. மதிப்பு இயல்பாக வந்தால் நல்லது, ஆனால் கட்டி வெடித்த அழற்சியிலும் அது உயரும். உயர்ந்து வந்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவோம். பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய பரிசோதனையோ இரண்டு நோயிலும் வலிக்கும். ஆகவே நேராக டாப்ளர் ஸ்கேன்தான்.

ஸ்கேனுக்கு அனுப்பும் முன் அவரை மறுபடி குப்புறப் படுக்க வைத்துப் பார்த்தேன். ஐந்து வாரத்துக்கு முன்பு கையில் கல்லாகத் தட்டுப்பட்ட புடைப்பு இருந்த இடமே தெரியவில்லை. கணுக்காலின் உட்பக்க எலும்புக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில், பிறை வடிவத்தில் நீலமும் ஊதாவும் கலந்த ஒரு கறை லேசாகப் படர ஆரம்பித்திருந்தது. வெடித்த கட்டியிலிருந்து கசிந்த நீரும் சிறிது ரத்தமும் தசைகளின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி, கணுக்காலுக்கு அடியில் வந்து தேங்கும்போது இந்தப் பிறை தெரியும். பெரும்பாலும் ஓரிரு நாள் கழித்துத்தான் வரும், காலுறையைக் கழற்றிப் பார்க்காதவர்களுக்குக் கடைசிவரை தெரியாது. பிறை இருந்தால் வெடிப்பு என்ற ஊகம் வலுக்கிறது. சிரையில் உறைவு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

ஸ்கேனில் தொடைச்சிரை, முழங்கால் பின்சிரை, கெண்டைக்கால் சிரைகள் என எல்லாவற்றையும் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக அமுங்கின. உறைந்த ரத்தம் இருந்தால் சிரை அமுங்காது. கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. உருண்டையாக இருந்த அதன் அடிமுனை இப்போது கூராக நீண்டு, அங்கிருந்து நீர் கெண்டைக்காலின் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே கீழே பரவியிருந்தது. ஹெப்பாரினை நிறுத்தினோம். முழுக்காலையும் பார்த்துவிட்டதால் மறு ஸ்கேன் தேவைப்படவில்லை. தொடை, முழங்கால் பகுதிச் சிரைகளை மட்டும் பார்த்திருந்தால் ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அன்று அவரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் மாலைவரை வைத்துக்கொண்டோம். உறைவுத் தடுப்பு மருந்து உடலில் இருக்கும்போது தசை உறைக்குள் ரத்தம் சேர்ந்து அழுத்தம் கூடலாம். வலி நிலைமைக்கு மீறிக் கூடுகிறதா, கால்விரல்களை நாம் நீட்டிவிட்டால் கெண்டைக்காலில் சுரீர் என்கிறதா, உள்ளங்காலில் மரத்துப்போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தோம். இவற்றில் ஏதாவது இருந்தால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்க முடியாது, தசையுறையைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக ஒன்றும் இல்லை. காலை உயர்த்தி வைத்தல், ஐஸ் ஒத்தடம், பாராசிட்டமால், இரண்டு மூன்று நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடை. மூன்றாவது வாரத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.

மறுபடி நிரம்பிய கட்டி

வெடித்த கட்டி போய்விட்டது என்று அவர் மகிழ்ந்தது நீடிக்கவில்லை. மூட்டு அப்படியேதான் இருந்தது. வலி காரணமாகப் பயிற்சியும் நின்றுபோயிருந்தது. இரண்டு மாதத்தில் புடைப்பு மறுபடி வந்தது, முன்பைவிடப் பெரிதாக. இந்த முறை எம்.ஆர்.ஐ. எடுத்தோம். உட்பக்க மெனிஸ்கஸின் பின்கொம்பில் தேய்வினால் வந்த படுக்கைவாட்டுக் கிழிசல், குருத்தெலும்பு மெலிவு, மூட்டில் நீர், பின்னால் 5 செ.மீ. கட்டி, உள்ளே இரண்டு மெல்லிய தடுப்புகள்.

கால் 95 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை என்பதால் நீரை எடுப்பது என்று முடிவு செய்தோம். குப்புறப் படுக்க வைத்து, தோலைச் சுத்தம் செய்து, மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு ஊசியை உட்பக்கத்திலிருந்து செலுத்தினேன். தமனியும் சிரையும் நரம்பும் பின்குழியின் நடுவில் ஓடுகின்றன, அந்தப் பக்கம் ஊசி திரும்பவே கூடாது. திரையில் ஊசிமுனை கட்டிக்குள் நுழைவது வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. உறிஞ்சினால் ஒன்றும் வரவில்லை. 18 அளவு ஊசிக்கு அந்தத் திரவம் மசியவில்லை, இன்னும் தடித்த ஊசிக்கு மாறினேன். அப்போதுதான் கெட்டியான, இழுபடும் மஞ்சள் திரவம் சிரிஞ்சுக்குள் மெதுவாக ஏற ஆரம்பித்தது. தடுப்புகளை ஊசிமுனையால் குத்தித் திறந்த பிறகு மீதியும் வந்தது. திரையில் கறுப்பு வட்டம் ஒரு கோடாகச் சுருங்கியதை அவரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

அதோடு விட்டிருந்தால் சில வாரங்களில் திரும்ப நிரம்பியிருக்கும். அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முன்பக்கத்திலிருந்து மூட்டில் 22 மி.லி. நீரை எடுத்தோம். தெளிந்த வைக்கோல் நிறம். வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 600. 2,000-க்குக் கீழ் என்பதால் அழற்சி வாதமோ கிருமித் தொற்றோ இல்லை, தேய்மானத்துக்குப் பொருந்துகிற எண்ணிக்கை. படிகங்கள் இல்லை, கிருமி வளர்ப்பிலும் எதுவும் வளரவில்லை. அதே ஊசி வழியாக டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து 40 மி.கி. மூட்டுக்குள் போட்டோம். ஸ்டீராய்டைக் கட்டிக்குள் போடாமல் மூட்டுக்குள் ஏன் போடுகிறோம் என்று உடனிருந்த பயிற்சி மருத்துவர் கேட்டார். நீர் சுரக்கும் சவ்வு மூட்டில்தான் இருக்கிறது. அதை அமைதிப்படுத்தினால் பின்னால் போக நீர் இருக்காது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஊசி போடும்போது ஒன்றை முன்பே சொல்லிவிட வேண்டும். சில நாட்கள் ரத்தச் சர்க்கரை எகிறும். இவருக்கு இரண்டாம் நாள் 260 வரை போனது, ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்தது. முன்கூட்டித் தெரிந்ததால் பதறவில்லை, தினமும் வீட்டிலேயே பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.

ஊசி நன்றாக வேலை செய்தது என்பதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணக் கூடாது. இதே டிரையம்சினலோன் 40 மி.கி.-ஐ 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு ஆண்டுகள் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளியானது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகம் குறைந்திருந்தது. வலியிலோ வித்தியாசம் இல்லை. ஊசி தருவது சில வார அவகாசம். அந்த அவகாசத்தில் தசையை வலுவாக்கிக்கொள்ள வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் அந்த வேலையைப் பொறுமையாகச் செய்தார். காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவதில் ஆரம்பித்து, நீட்டிய காலை உயர்த்துவது, தொடையின் பின்தசையை இழுத்து நீட்டுவது, பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, நிலைச் சைக்கிள் என்று படிப்படியாகக் கூட்டினார். முதல் பதினைந்து நாள் முழங்காலை ஆழமாக மடக்கும் எதையும் செய்ய விடவில்லை. எடையும் ஐந்து மாதத்தில் 78-லிருந்து 73 கிலோவுக்கு வந்தது. உடல் எடை ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால்மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் இவர் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ குறைவாகச் சுமக்கிறது. இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் முகத்தில் வந்த உற்சாகத்தை எந்த மாத்திரையும் தந்திருக்காது.

அறுவை சிகிச்சை பற்றி

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்ததும் குடும்பத்தில் பேச்சு மறுபடி அறுவை சிகிச்சைக்குத் திரும்பியது. மகள் நேரில் வந்து கேட்டார்: "கிழிஞ்சிருக்குன்னு எழுதியிருக்காங்களே டாக்டர், தைக்க வேண்டாமா?"

விளையாட்டில் திருகிக் கிழிந்த இளவயது மெனிஸ்கஸும், ஐம்பது வயதுக்கு மேல் தேய்ந்து பிரிந்த மெனிஸ்கஸும் ஒன்றில்லை. பின்னது தேய்மானத்தின் ஒரு பகுதி. வலியே இல்லாதவர்களின் எம்.ஆர்.ஐ.-யிலும் அடிக்கடி தெரியும். ஃபின்லாந்தில் 146 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பாதிக்கு மெனிஸ்கஸின் கிழிந்த பகுதியை, சிறு துளை வழியே கேமராக் குழாயைச் செலுத்திச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி வழியே அகற்றினார்கள். மறு பாதிக்கு அறுவை செய்வதுபோலப் பாவனை மட்டும் செய்தார்கள். ஓராண்டு முடிவில் இரு பாதிக்கும் நிலைமை ஒன்றாகவே இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் மூட்டுத் தேய்மானம் இல்லாதவர்கள். தேய்மானமும் உள்ள இவருக்கு அறுவையால் கூடுதல் நன்மை கிடைக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

கட்டிக்கான அறுவை வேண்டாதது என்று சொல்லவில்லை. மூட்டு அடிக்கடி பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போகிறவர், கட்டி நரம்பையோ சிரையையோ அழுத்துகிறவர், முறையாகச் செய்த சிகிச்சைக்குப் பிறகும் நடமாட்டம் தடைபடுகிறவர் ஆகியோருக்கு அது தேவை. அப்போதும் பின்னால் திறந்து கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஆர்த்ரோஸ்கோப்பி வழியே மூட்டுக்குள் உள்ள கோளாறைச் சரிசெய்து, அந்த ஒருவழிப் பிளவை அகலப்படுத்தி, நீர் இரு பக்கமும் தடையின்றிப் போய்வர வழி செய்வது இன்று பலரும் விரும்பும் முறை. இவருக்கு மூட்டு பூட்டிக்கொள்ளவில்லை, நரம்பு அழுத்தமும் இல்லை. அதனால் காத்திருந்தோம்.

இப்போதைய நிலை

ஊசி போட்டு ஆறு மாதத்தில் பார்த்தபோது கால் முழுதாக நீண்டது, 130 டிகிரி மடங்கியது. முன்பக்கம் நீர் இல்லை. ஸ்கேனில் கட்டி 1.5 செ.மீ. அளவுக்கு இருந்தது, கையால் தொட்டால் தெரியாது. ஓராண்டு கழிந்த பிறகும் அதே அளவு. படிக்கட்டு இறங்கும்போது கொஞ்சம் வலி மிச்சம் இருக்கிறது. தேய்மானம் போய்விடவில்லையே, அது இருக்கத்தான் செய்யும். நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறார், இடையிடையே உட்கார ஒரு நாற்காலி போட்டுக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக வந்தபோது, மிச்சமிருக்கும் கட்டிக்காக ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தொந்தரவு தராத சிறு கட்டியை அளந்துகொண்டே இருப்பதால் சிகிச்சையில் எதுவும் மாறப்போவதில்லை. புடைப்பு மறுபடி பெரிதானாலோ, மடக்கினாலும் மென்மையாகாமல் கெட்டியாகவே இருந்தாலோ, உள்ளங்கால் மரத்தாலோ வரச் சொன்னேன். கெண்டைக்கால் திடீரென்று வீங்கினால் "போன தடவை மாதிரி கட்டிதான் வெடிச்சிருக்கும்" என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது, அன்றே டாப்ளர் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சொன்னேன்.